ஜூஃபார்மகாக்னசி: "விலங்குக் கைமருத்துவம்" எனலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நோயுற்ற விலங்குகள் தாமே மருந்து தேடிக்கொள்வதை ஆராயும் ஜூஃபார்மகாக்னசி என்னும் துறைக்கு, தமிழ்ப் பெயராக இவ்விழையில் முன்வைக்கப்பட்ட "விலங்கு மருந்தியல்" என்பதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. அதைக் கேட்பவர் கால்நடை மருத்துவமனையில் மாட்டுக்குக் கொடுக்கும் மருந்தைத்தான் நினைப்பார். இங்கோ மருத்துவரே இல்லை.

அடுத்து வந்த "விலங்கு மருந்துண்ணல்" பாதிதான் பொருந்துகிறது. தான்சானியாவின் மகாலே மலைப்பகுதியில் 1987இல் ஆய்வாளர் மைக்கேல் ஹஃப்மன் கண்ட நோயுற்ற பெண் சிம்பன்சி, வெர்னோனியா அமிக்டலினா என்னும் செடியின் தண்டை உரித்து, உள்ளிருந்த கசப்பான தண்டுச்சோற்றை மென்று, சாற்றை விழுங்கிச் சக்கையைத் துப்பியது. மறுநாளே தெளிந்தும் விட்டது. அங்கு வாழும் டோங்வே மக்களும் வயிற்றுக் கோளாறுகளுக்கு அதே செடியைத்தான் நாடுகிறார்கள். இது உண்ணல்தான், ஐயமில்லை. ஆனால் 2022 ஜூனில் சுமாத்திராவில் ராக்குஸ் என்னும் ஒராங்குட்டான், கன்னத்துப் புண்ணில் ஒரு கொடியின் இலையை மென்று சாற்றைத் திரும்பத் திரும்பத் தடவி, கடைசியில் மென்ற இலையையே பற்றுப் போட்டுக்கொண்டதே, அதை எப்படி உண்ணல் என்பது?

பூனையும் அப்படித்தான். ஆக்டினிடியா பாலிகாமா என்னும் கொடியின் இலையில் பூனை உரசிப் புரளும்போது, அதிலுள்ள நெப்பெட்டலாக்டால் என்னும் சேர்மம் மயிரில் ஒட்டிக் கொசுவை அண்டவிடாமல் செய்கிறது என்று 2021இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் குப்பைமேனியின் வேரிலும் அதே குடும்பத்துச் சேர்மம் ஒன்று உண்டு. அந்த வேரைக் கண்டால் பூனை விடாது என்பதை அறிந்தவர்கள்தாம் செடிக்குப் "பூனைவணங்கி" என்று பெயரிட்டிருக்க வேண்டும்.

"தன்மருத்துவம்" எனக்கும் பிடித்த சொல்லே. மோனார்க் பட்டாம்பூச்சிதான் அதற்குக் குறுக்கே நிற்கிறது. ஒட்டுண்ணி தொற்றிய தாய்ப்பூச்சி, எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த செடிகளுள் நச்சு மிகுந்ததை நாடி முட்டையிடுகிறது. இதனால் தாய்க்கு ஒரு பயனும் இல்லை. அந்த இலையைத் தின்று வளரும் புழுவுக்கே நோய் மட்டுப்படுகிறது.

வைத்தியரிடம் போகாமல், கைக்கெட்டும் பச்சிலையைத் தனக்கோ தன் பிள்ளைக்கோ தின்னவும் பூசவும் கொடுப்பதற்கு நம் வீடுகளில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: கைமருத்துவம். ஆகவே செயலுக்கு "விலங்குக் கைமருத்துவம்", துறைக்கு "விலங்குக் கைமருத்துவ இயல்" என்பன என் பரிந்துரை. பட்டாம்பூச்சிக்குக் கை ஏது என்று கேட்கும் நண்பர்கள் இக்குழுமத்தில் இருப்பதை அறிவேன். கைமுதல் என்னும்போது நாம் யாருடைய கையை எண்ணுகிறோம்?

சொல் ஏற்கப்பட்டால், விளக்கக் குறிப்பில் கீரியைச் சேர்க்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். கீரி மருந்தை அறியும் என்று அதர்வ வேதமே கூறுகிறது; பாம்போடு சண்டையிட்ட கீரி மூலிகை தேடி ஓடும் என்னும் நம்பிக்கை நம்மிடமும் உண்டு. உண்மையில், நாகத்தின் நஞ்சு பற்றிக்கொள்ளும் தசையிலுள்ள ஏற்பி என்னும் புரதத்தின் அமைப்பே கீரியின் உடலில் மாறியிருப்பதால் அந்நஞ்சு அங்கு எளிதில் ஒட்டுவதில்லை. அது பிறவியிலேயே வாய்த்த காப்பு, மருத்துவம் அன்று.