ஒரே பல்புக்கு மூன்று மின்தடை வருகிறது, எதை எடுப்பது?

வணக்கம் நண்பர்களே, கணக்கில் தப்பா, என் புரிதலில் தப்பா என்று தெரியவில்லை.

கையில் இருப்பது 12 வோல்ட், 21 வாட் இழை பல்பு, வண்டி இண்டிகேட்டரில் வருமே, அதுதான். எரியும்போது அதன் இரு முனைகளுக்கும் இடையே 12.1 வோல்ட், மின்னோட்டம் 1.75 ஆம்பியர். (மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றித்தான் அளந்தேன். முன்பு மறந்துபோய் உள்ளே ஃப்யூஸைப் போக்கியவன் நான்.) வகுத்தால் மின்தடை 6.9 ஓம், பெருக்கினால் திறன் 21.2 வாட். சரி, இதுவரை வம்பில்லை.

அப்புறம் பல்பைக் கழற்றி, ஆறவிட்டு, மீட்டரை ஓமில் வைத்தேன். 0.7 காட்டியது. மீட்டர் வயர்களின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்தால் மீட்டரே 0.2 காட்டுகிறது, அதைக் கழித்தால் 0.5 ஓம். இதை நம்பினால் 24 ஆம்பியர் ஓடி, பல்பு 290 வாட் இழுக்க வேண்டுமே!

பல்பின் இழையான டங்ஸ்டன் சூடேறினால் மின்தடை கூடும் என்று படித்திருக்கிறேன். ஆனால் பதின்மூன்று மடங்குக்கு மேலா? 6 வோல்ட் கொடுத்தும் பார்த்தேன். பாதியாக 0.87 ஆம்பியர் வரும் என்று நினைத்தால் 1.2 வந்தது. அதாவது 5 ஓம், 7.2 வாட்.

இந்தப் பல்புக்கு 3 ஆம்பியர் ஃப்யூஸ் போடலாம் என்றிருக்கிறேன். சுவிட்ச் போட்ட கணத்தில் அந்த 24 ஆம்பியர் நிஜமாகவே பாயுமா? பாய்ந்தால் ஃப்யூஸ் தாங்குமா? அளந்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.