மூன்று டிராகன் சேர்ந்த சீன எழுத்து: பொருள், ஒலி, தட்டச்சு

சுவடி:
மேலே ஒரு டிராகன், கீழே இரண்டு என்று அடுக்கிய சீன எழுத்து. 2024 பிப்ரவரியில் டிராகன் ஆண்டு பிறந்தபோது சீன அரசுத் தொலைக்காட்சியான சிசிடிவியின் வசந்த விழா நிகழ்ச்சியின் தலைப்பில் வந்ததே, அதுதான். பொருள் 'பறப்பது' என்று ஓரிடத்தில், 'நடப்பது' என்று இன்னோரிடத்தில் இருக்கிறது. கோடுகள் 48-ஆ, 64-ஆ? எப்படிச் சொல்வது? எங்கிருந்தோ நகலெடுத்து என் தளத்தில் ஒட்டினால் வெறும் கட்டம்தான் வருகிறது.

ஏட்டுப்புழு:
அகராதிப்படி 'டிராகன்கள் செல்லும் தோற்றம்'. கி.பி. 543-இல் தொகுத்த யூபியென் அகராதி சொல்வது அதைத்தான்; 1716-இல் வந்த காங்ஷி அகராதியும் அதையே எடுத்தாள்கிறது. தனியாக நிற்கிற சொல் இல்லை, நம் 'சலசல' மாதிரி இரட்டித்து வருவது. 2024 தலைப்பிலும் இரட்டித்துத்தான் வந்தது.

'பறப்பது' வேறு எழுத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்பது என் கணிப்பு. இரண்டு டிராகன் பக்கம் பக்கமாக நிற்கும் எழுத்து ஒன்று உண்டு. கி.பி. 100-இல் ஷூ ஷென் முடித்த ஷுவோவென் அகராதி அதற்குத்தான் 'பறக்கும் டிராகன்' என்று பொருள் தருகிறது. ஒலி இரண்டுக்கும் ஒன்றே, குழம்பாமல் என்ன செய்யும்! அந்த இரட்டை டிராகன் இன்று புழக்கத்தில் இல்லை. ஆனால் 'திடீர்த் தாக்குதல்', 'வழிவழியாகப் பெறுதல்' என்ற பொருள்களில் வரும் 'ஷீ' என்ற எழுத்தில் ஒளிந்திருக்கிறது. அடியில் துணியைக் குறிக்கும் உறுப்பு, தலையில் டிராகன். மேலே இருப்பது இரட்டை டிராகனின் சுருக்கம் என்கிறது ஷுவோவென். பழைய வடிவத்தில் இரண்டும் முழுசாகவே இருக்கின்றன.

ஒலியன்:
மாண்டரினில், அதாவது சீனப் பொதுமொழியில், இதன் பின்யின் (ரோமன் எழுத்தில் ஒலியை எழுதும் முறை) டி, ஏ, இரண்டாம் தொனி. அந்த 'டி'யை ஆங்கில ஒலியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் 'தலை'யின் முதல் எழுத்துப் போல, அதிராத, மூச்சு வெடிக்காத ஒலி. தமிழர்க்கு இது இலவசமாகவே கிடைத்துவிடும். 'தா' என்று சொல்லி, வியப்போடு 'ஆ?' என்று கேட்கிற மாதிரி குரலை மேலே ஏற்றுங்கள்.

தென்சீனப் பேச்சான கான்டனீஸில் 'தாப்', ஆறாம் தொனி, தாழ்ந்த சமநிலை. கடைசியில் உதட்டை மூடுங்கள், திறக்காதீர்கள். இந்த எழுத்தின் கொரிய ஒலியிலும் கடைசியில் 'ப்' உண்டு. பழஞ்சீனத்தில் இருந்த அந்த மெய் மாண்டரினில் உதிர்ந்துபோயிற்று.

பிக்சல்பித்தன்:
64 என்று படித்திருந்தால் அது நான்கு டிராகன் எழுத்து, உங்களுக்குக் கட்டம் வருவதும் அதனால்தான் இருக்கும். டிராகனுக்கு 16 கோடு. மூன்றுக்கு 48, நான்குக்கு 64. நான்கு டிராகனின் பொருள் 'ஓயாத பேச்சு', ஒலியும் வேறு.

கணினியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். மூன்று டிராகனின் யூனிகோட் எண் 40856. அடிப்படைத் தொகுதியிலேயே இருப்பதால் பெரும்பாலான சீன எழுத்துருக்களில் கிடைக்கும். தைவானின் பழைய பிக்5 குறியேற்றத்திலும் உண்டு. அங்கே கோட்டெண்ணிக்கைப்படி அடுக்கியதால் இரண்டாம் நிலையின் கடைசி எழுத்தே இதுதான். நான்கு டிராகனின் எண் 173733. 2001-இல்தான் சேர்ந்தது, அடிப்படைத் தொகுதியின் எல்லையான 65535-ஐத் தாண்டியது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் பழைய யூடிஎஃப்8 அட்டவணை எழுத்துக்கு மூன்று பைட்தான் தரும்; இதற்கு நான்கு வேண்டும். தரவுத்தளம் கெடுபிடி ('ஸ்ட்ரிக்ட்') அமைப்பில் இருந்தால் பிழை வரும், இல்லையென்றால் அந்த எழுத்திலிருந்து பின்னால் உள்ள எல்லாமே வெட்டுப்படும். அட்டவணையை யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றுங்கள், தரவுத்தள இணைப்பின் குறியேற்றத்தையும் சேர்த்து. பலர் இரண்டாவதை மறப்பார்கள். சேமிப்பு சரியாக இருந்தும் கட்டம் வந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள்.

வலைப்பக்கத்தில் நேராக இட &#40856; போதும். சோகோ என்ற சீனத் தட்டச்சு மென்பொருளில் முதலில் 'யு' விசை, பிறகு டிராகனைக் குறிக்கும் 'லோங்' என்பதன் பின்யினை மூன்று முறை.

சுவடி:
ஆமாம், நான் நகலெடுத்தது நான்கு டிராகன்தான். &#40856; போட்டதும் வந்துவிட்டது. ஆனால் 16 பிக்சலில் ஒரே கறுப்புத் திட்டு. எளிய வடிவ டிராகனுக்கு 5 கோடுதானே, மூன்றுக்கு 15 என்று எழுதலாமா?

பிக்சல்பித்தன்:
வேண்டாம். 2013-இல் சீனா வெளியிட்ட 8105 எழுத்துப் பட்டியலில் இந்த எழுத்தே இல்லை, அதனால் அதற்கு அங்கீகரித்த எளிய வடிவமும் இல்லை. 2024 தலைப்பில் தனி டிராகன் எளிய வடிவத்திலும், இது 48 கோட்டோடும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

16 பிக்சலில் கணக்கே ஒத்துவராது. ஒரு டிராகனின் இடப்பாதியில் ஒரு புள்ளி, ஐந்து கிடைக்கோடு. இரண்டு அடுக்குக்கு 12. கோட்டுக்கு ஒன்று, இடைவெளிக்கு ஒன்று என்றாலே 24 பிக்சல். 32-க்குக் கீழே போகாதீர்கள்.

ஏட்டுப்புழு:
கையால் எழுதுவதென்றால் மேலே உள்ளது, கீழ் இடது, கீழ் வலது என்ற வரிசை. ஒவ்வொன்றிலும் இடப்பாதி மேல் 5, கீழ் 4, பிறகு வலப்பாதி 7. கீழ் இடது டிராகனின் வலப்புறக் கொக்கியைக் குட்டையாக முடியுங்கள், நீட்டினால் பக்கத்து டிராகனுக்குள் நுழைந்துவிடும். மேலே உள்ளதைப் பெரிதாக ஆரம்பிப்பதுதான் வழக்கமான தவறு. கீழே இரண்டும் நசுங்கும்.