இதய மாற்று செய்துகொண்ட குடும்பங்களிடம் ஒரு உதவி

வணக்கம். என் தம்பிக்கு 34 வயது. 14 மாதத்துக்கு முன்னால் இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. நன்றாகத்தான் இருந்தான். இரண்டு வாரமாகக் கால் வீக்கம், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. இதயத் திசுவை எடுத்துப் பார்த்த பயாப்சியில் சி4டி (ஆன்டிபாடி தாக்கியதற்குத் தடயமாகத் தங்கும் புரதத் துண்டு) படிந்திருக்கிறது, ஆன்டிபாடியால் வரும் நிராகரிப்பு என்றார்கள். ஆனால், கொடையாளியின் ஹெச்.எல்.ஏ.வுக்கு (செல்களின் மேல் இருக்கும் அடையாளப் புரதங்கள்) எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் இல்லை!

உடம்பு தன் சொந்தப் புரதங்களுக்கு எதிராகவே உண்டாக்கும் ஆட்டோஆன்டிபாடி காரணமாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். கார்டியாக் மயோசின், விமென்டின், ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் ஹார்மோனின் ஏற்பியான ஏடி1ஆர் என்று சில பெயர்கள் சொன்னார். வழக்கமான ஹெச்.எல்.ஏ. பரிசோதனையில் இவை தெரியாது. தனியாகத்தான் பார்க்க வேண்டுமாம். ஏடி1ஆர் என்று உறுதியானால், அந்த ஏற்பியைத் தடுக்கும் லோசார்டன் மாத்திரையையும் சேர்க்க யோசிக்கிறார். அதனால்தான் இந்த ரிசல்ட்டுக்கு இவ்வளவு தவிக்கிறோம்.

ஏடி1ஆர் ஆன்டிபாடி பரிசோதனையைச் சென்னையிலோ வேறு ஊரிலோ எந்த லேபில் செய்தீர்கள்? ரிசல்ட் வர எத்தனை நாள் ஆனது? திங்கட்கிழமை பிளாஸ்மா மாற்று (ஆன்டிபாடி உள்ள ரத்த நீரை அகற்றும் சிகிச்சை) தொடங்குகிறது. அதற்கு முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும், பிறகு எடுத்தால் அளவு குறைவாகக் காட்டலாம் என்கிறார்கள். பிளாஸ்மா மாற்று, ஐ.வி.ஐ.ஜி. (ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் இம்யூனோகுளோபுலின் மருந்து) செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டில் யாராவது அனுமதி வாங்கியிருக்கிறீர்களா? இதைக் கடந்து வந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். அம்மாவிடம் சொல்ல ஒரு நல்ல சேதி வேண்டும்.