விசாரணைக் கைதிங்க பத்தி எல்எல்எம் ஆய்வு, ஜெயிலுக்குள்ள போகாம பண்ண முடியுமா?

தாமிரபரணி_மாணவி:
எல்லாருக்கும் வணக்கம். எல்எல்எம், அதாவது சட்டத்துல மேற்படிப்பு, ரெண்டாவது வருஷம், கிரிமினல் லா எடுத்திருக்கேன். டிசர்டேஷனுக்கு விசாரணைக் கைதிங்கள எடுத்தேன். 2022 என்சிஆர்பி, அதாவது தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட கணக்குல நாடு முழுக்க ஜெயில்ல இருந்த 5,73,220 பேர்ல 4,34,302 பேர் தீர்ப்பே வராம உள்ள இருந்தவங்க. இந்த நம்பர எங்க பேட்ச்ல எல்லாரும் முதல் பக்கத்துல போட்டுட்டு அடுத்து ஹுசைனாரா காத்தூன், மோதிராம்னு ஜாமீன் பத்தின பழைய சுப்ரீம் கோர்ட் தீர்ப்பா அடுக்கி கடைசில நாலு பரிந்துரை எழுதி பைண்டிங் குடுத்துடுறாங்க, எனக்கு அப்படி முடிக்க மனசே வரல. ஜெயில்ல பேச அனுமதி கேட்டு லெட்டர் போட்டு நாலு மாசம் ஆச்சு, பதில் இல்ல. கைடு மேடம் டாக்ட்ரினலாவே, அதாவது சட்டத்தையும் தீர்ப்புகளையும் மட்டும் வச்சே, பண்ணிடும்மான்னு சொல்றாங்க. கையில ஆறு மாசம்தான் இருக்கு. வேற வழி இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

பாளை_வக்கீல்:
தாராளமா பண்ணலாம்மா. பதினாலு வருஷமா மாஜிஸ்திரேட் கோர்ட்ல வக்கீலா நிக்கேன், நீங்க தேடுறது ஜெயிலுக்குள்ள மட்டும் இல்ல, கோர்ட் வராண்டாலயும் இருக்கு. ஜாமீன் ஆர்டர் போட்ட தேதிக்கும் ஆள் வெளிய வந்த தேதிக்கும் நடுவுல எத்தன நாள் போச்சு, அத மட்டும் எண்ணுங்க. ரெண்டு ஜாமீன்தாரர் வேணும், ஒருத்தர் ரத்த சொந்தமா இருக்கணும், ஆதார், வீட்டு வரி ரசீது, சில சமயம் தாசில்தார்கிட்ட சொத்து மதிப்பு சர்டிபிகேட்னு கேப்பாங்க, கூலிக்குப் போற குடும்பம் இதுக்கே ரெண்டு வாரம் வேலய விட்டுட்டு அலையும்.

மோதிராம் தீர்ப்ப மேற்கோளுக்காகப் படிக்காம கதையாப் படிங்க. 1978, அந்த மனுஷன் கொத்தனாரு. பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டாங்க, கூடப்பிறந்தவர் வந்து நின்னா சொத்து வேற ஜில்லால இருக்குன்னு தள்ளிட்டாங்க. ஜட்ஜ் கிருஷ்ணய்யர் அதுல கேக்காரு, ஒரு தமிழனோ மலையாளியோ பஸ்தர்லயோ சாந்தினி சவுக்குலயோ மாட்டினா அந்த ஊர்ல சொத்து வச்சிருக்க ஜாமீன்தாரருக்கு எங்க போவான்னு. இன்னைக்கு அதையே திருப்பிக் கேளுங்க, திருப்பூர்ல தையல் மெஷின்ல உக்காந்திருக்க பீகார் பையன் இங்க ரிமாண்ட் ஆனா யாரு வந்து நிப்பா? இந்த ஒரு கேள்விக்கே ஒரு சேப்டர் எழுதலாம்.

இன்னொண்ணு, 2023 ஜனவரி 31ல சுப்ரீம் கோர்ட் ஒரு ஆர்டர் போட்டுச்சு. ஜாமீன் கெடச்சு ஏழு நாளாகியும் ஆள் வெளிய போகலன்னா ஜெயில் சூப்பிரண்டு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு செயலாளருக்குத் தெரியப்படுத்தணும், அவங்க ஆள் அனுப்பி உதவணும். உங்க மாவட்டத்துல அந்த மாதிரி எத்தன தகவல் போச்சு, எத்தன பேருக்கு உதவி கெடச்சுதுன்னு ஆர்டிஐ போடுங்க, இன்னைக்கே போடுங்க.

கிரிமினாலஜி_படிச்சவன்:
வக்கீல் அண்ணன் சொன்னது ரொம்ப சரி. நான் எம்ஏ கிரிமினாலஜி. சட்டம் படிக்கிறவங்கள பெரும்பாலும் தீர்ப்புல ஆரம்பிக்கச் சொல்லித் தர்றாங்க, எங்களுக்கு ஆளுங்ககிட்ட ஆரம்பிக்கச் சொன்னாங்க. ரெண்டும் சேர்ந்தா என்ன நடக்கும்னு பாக்கணும்னா தில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2016ல கொண்டு வந்த மரண தண்டனை அறிக்கையப் படிங்க. அப்ப தூக்குத் தண்டனைல இருந்த 385 பேர்ல 373 பேரோட விவரத்த மாணவர்கள வச்சு ஜெயில் ஜெயிலாப் போய் சேத்தாங்க, குடும்பங்களையும் பாத்தாங்க. நாலுல மூணு பேர் பொருளாதாரத்துல நலிஞ்சவங்கன்னு வந்துச்சு. விடுபட்ட 12 பேரும் தமிழ்நாட்டு ஜெயில்ல இருந்தவங்க, இங்க அனுமதி குடுக்கல. அதனால உங்க லெட்டருக்கு பதில் வரலன்னு சோர்ந்து போகாதீங்க, நாலு மாசமா பதில் வரலங்கிறதையும் தேதியோட ஆய்வு முறை பகுதில எழுதுங்க, அதுவும் டேட்டாதான்.

ஒரு எச்சரிக்கை மட்டும். வக்கீல்கிட்ட கட்சிக்காரர் சொல்றதுக்கு சட்டத்துல பாதுகாப்பு இருக்கு, ஆராய்ச்சி பண்றவங்க நோட்டுக்கு அது கிடையாது. அதனால சம்பவம் பத்தி எதுவும் கேக்காதீங்க, அவங்களா சொன்னாலும் எழுதாதீங்க. பேரு, ஊரு, எஃப்ஐஆர் நம்பர் எதுவும் நோட்டுல வேண்டாம், குடும்பம் 1, குடும்பம் 2ன்னு போதும்.

வாடகை_வீடு:
எங்க அண்ணனுக்கு வெள்ளிக்கிழமை ஜாமீன் ஆர்டர் வந்துச்சு, வெளிய வந்தது 22ஆம் நாள். நாங்க வாடகை வீடு, வரி ரசீதுக்கு எங்க போறது. தெருவுல ஒரு அக்கா மனசிறங்கி ரசீது குடுத்தாங்க, மறுநாள் காலைலயே அவங்க வீட்டுக்காரர் வந்து திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாரு, அவர சொல்லியும் குத்தமில்ல, கோர்ட்டுன்னா பயம்தான. அம்மா வாரத்துல ரெண்டு நாள் ஜெயிலுக்கு அவன மனு போட்டுப் பாக்கப் போவாங்க, இன்னைக்கு வந்துருவேன்ல, நாளைக்கு வந்துருவேன்லன்னு அவன் கேப்பானாம். மேல சொல்ற ஏழு நாள் விஷயமே இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். எங்ககிட்ட அன்னைக்கு யாரும் சொல்லல. நீங்க எழுதுங்க தங்கச்சி. எங்க அம்மா மாதிரி ஆளுங்ககிட்ட பேசும்போது உங்க புள்ள என்ன பண்ணான்னு மட்டும் கேட்டுராதீங்க, அந்தக் கேள்விக்கு பதில் சொல்லியே அவங்க பாதி செத்துட்டாங்க.

தாமிரபரணி_மாணவி:
அக்கா, கண்டிப்பா கேக்க மாட்டேன். நீங்க எழுதினத மூணு தடவ படிச்சேன். தலைப்ப மாத்தப் போறேன், ஜாமீன் உத்தரவுக்கும் விடுதலைக்கும் நடுவுல போற நாட்கள்னு. வக்கீல் சார் ஒரே சந்தேகம், ஆர்டர் தேதி ஆன்லைன்ல எடுத்துடுவேன், ஜாமீன்தாரர கோர்ட் ஏத்துக்கிட்ட தேதி எங்க கிடைக்கும்?

பாளை_வக்கீல்:
கேஸ் கட்டுல இருக்கும்மா, காப்பி அப்ளிகேஷன் போடணும். திங்கக்கிழம பத்து மணிக்கு முன்னாடி கோர்ட்டுக்கு வாங்க, காலேஜ் ஐடியும் கைடு லெட்டரும் கொண்டாங்க, பெஞ்ச் கிளார்க்கிட்ட கூட்டிட்டுப் போய் பேசி விடுதேன்.