யொக்கோகாமாவில் முதல் நத்தார்: அம்மாவின் பெட்டியில் எதை வைப்பது, எதை எடுப்பது?

வாவிக்கரை (தாண்டவன்வெளி, மட்டக்களப்பு) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அக்கா திருமணமான நாள் முதல் அமெரிக்காவில் வாழ்கிறார். அத்தான் நியூ ஓர்லியன்ஸ் நகரத்தவர். பிள்ளைகள் இருவரும் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். அத்தானின் வேலை நிமித்தம் இவ்வாண்டு ஆவணி மாதம் அவர்கள் யப்பானின் யொக்கோகாமாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். நத்தாருக்கு நானும் அம்மாவும் அங்கே செல்லவிருக்கிறோம், விசா கிடைத்துவிட்டது.

அங்குள்ள சாதாரணப் பாடசாலையில் படிக்கும் என் எட்டு வயதுப் பெறாமகள், 25ஆம் திகதி வகுப்பு இருக்கக்கூடும் என்று ஆசிரியர் சொன்னதைக் கேட்டு, “நத்தாருக்குப் பள்ளிக்கூடம் வைக்கும் நாடும் உண்டா, சின்னம்மா?” என்று தொலைபேசியில் அழுதாள். அத்தானின் தாயார் அமெரிக்காவிலிருந்து சோடனைப் பொருட்களைப் பெட்டி பெட்டியாக அனுப்பிக்கொண்டிருக்க, இங்கே அம்மா றிச் கேக், கொக்கிஸ், கஜு, சென்ற ஆண்டின் மின்குமிழ் மாலை, பழைய சேலையில் சுற்றிய பாலன் குடில் சுரூபங்கள், குடிலில் பரப்புவதற்கு எங்கள் வளவிலிருந்து இரண்டு பிடி வைக்கோல் என்று அடுக்கத் தொடங்கிவிட்டார். இருவருக்கும் நடுவே அக்காதான் களைத்துப்போயிருக்கிறார். வான்கோழி தங்கள் வீட்டுக் கேக் சுடும் அவன் அடுப்புக்குள் நுழையாது என்பதை மாமியாரிடம் சொல்லவே அவருக்கு ஒரு கிழமை எடுத்ததாம்.

அங்கே அந்த நாள் உண்மையில் எப்படிக் கழியும், திருப்பலிக்கு எங்கே போவது, அம்மாவின் பெட்டியிலிருந்து எதை எடுத்துவிட வேண்டும் என்பவற்றை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும். இன்னுமொன்று உண்டு. சுனாமியில் எங்கள் சித்தியை இழந்த நாளிலிருந்து 26ஆம் திகதி காலையில் அம்மா கடற்கரைக்குப் போகாத ஆண்டு கிடையாது. அன்று அந்தப் பிள்ளைகளின் வீட்டில் அம்மாவை என்ன செய்ய வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கல்லடிப் பாலம் எழுதியது:

தங்கச்சி, என் கணவரின் படிப்புக்காக ஆறு ஆண்டுகள் யொக்கோகாமாவில் இருந்தேன். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். யப்பானில் டிசம்பர் 25 பொது விடுமுறை அன்று. பாடசாலைகளின் குளிர்கால விடுமுறை அந்தத் திகதியை ஒட்டியே தொடங்கும். இடத்துக்கிடம் ஓரிரு நாள் முன்பின்னாகும். அரச அலுவலகங்கள் டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை மூடப்படும், ஏனென்றால் அவர்களுக்குக் குடும்பம் கூடும் பெருநாள் புத்தாண்டுதான். எங்கள் சித்திரை வருடப்பிறப்புக் கைவிசேஷம் போல அன்று பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் உறையில் இட்டுப் பணம் கொடுப்பார்கள். இதைப் பெறாமகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள், அழுகை பாதியாகக் குறையும்.

கிறிஸ்தவர்கள் அங்கே மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர் அளவே. ஆனாலும் நவம்பரிலேயே தெருவெல்லாம் மின்விளக்குச் சோடனையாக இருக்கும். 24ஆம் திகதி இரவு இளஞ்சோடிகள் வெளியே சென்று உணவருந்தும் இரவு. வீடுகளில் ஸ்ரோபெரி வைத்த வெள்ளைக் கிறீம் கேக் வெட்டுவார்கள். பொரித்த கோழிக்கு வரிசையில் நிற்பார்கள், கே.எப்.சி. நிறுவனம் 1974இல் நாடு முழுவதும் நடத்திய விளம்பரத்தின் விளைவு அது. உங்களுக்கும் வேண்டுமென்றால் அக்காவைப் பல நாட்களுக்கு முன்னரே பதிவு செய்யச் சொல்லுங்கள். அன்று போய்க் கேட்டால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். வான்கோழிக் கவலை அத்தோடு தீர்ந்தது. பெரும்பாலான யப்பானிய வீடுகளில் இருப்பது மைக்ரோவேவோடு சேர்ந்த சிறிய அவன் அடுப்பு. நடுத்தரக் கோழி ஒன்று நுழைந்தாலே புண்ணியம்.

திருப்பலிக்கு யொக்கோகாமாவின் யமதே குன்றில் திரு இருதயப் பேராலயம் இருக்கிறது. 1862இல் அந்நகரில் எழுந்த ஆலயத்தின் வழிவந்த அது, 1906இல் அந்தக் குன்றுக்கு இடம்மாறியது. ஆங்கிலத் திருப்பலிதான் வேண்டுமென்றால் தோக்கியோவில் யோட்சுயா நிலையத்துக்கு அருகே இயேசு சபையினரின் புனித இஞ்ஞாசியார் ஆலயம் உண்டு. நத்தார் இரவில் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் பார்க்க வருவார்கள்; அம்மாவுக்கு இருக்கை வேண்டுமென்றால் நேரத்தோடு போய்விடுங்கள்.

இனி, அம்மாவின் பெட்டி. மின்குமிழ் மாலையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எங்கள் மின்சாரம் 230 வோல்ற், யப்பானில் 100 வோல்ற். நான் கொண்டுபோன மாலை எரியவேயில்லை. இங்கிருந்து சுமந்த மின்சாரச் சோற்றுப் பானையோ ஐந்தில் ஒரு பங்கு சூட்டில் அரிசியை ஊறவைத்துக்கொண்டிருந்தது. அமெரிக்க விளக்குகள் 120 வோல்றுக்குச் செய்யப்பட்டவை என்பதால் சற்று மங்கலாக எரியும். இரண்டு தட்டைக் கால் செருகியாக இருந்தால் அப்படியே பொருந்தும். இந்த ஒரு விடயத்தில் வெற்றி அத்தானின் தாயாருக்கே.

வைக்கோலை எக்காரணம் கொண்டும் எடுத்துச் செல்லாதீர்கள். யப்பான் நெல் விளையும் நாடு. பூச்சியும் நோயும் தொற்றிவிடும் என்று இங்கிருந்து போகும் வைக்கோலையும் உமியோடு கூடிய நெல்லையும் அவர்கள் உள்ளே விடுவதில்லை. பச்சைக் கறிவேப்பிலையும் பழங்களும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் போகா. இறைச்சி வகையில் எதுவும் வேண்டாம்; பெட்டியிலும் கூடாது, தபாலிலும் கூடாது. அத்தானின் தாயார் கம்போ என்ற தங்கள் ஊர்க் குழம்புக்கென்று சொசேஜ் அனுப்பும் எண்ணத்தில் இருந்தால் அதையும் தடுத்துவிடுங்கள்.

வைக்கோல் இல்லையே என்று அம்மா வருந்த வேண்டியதில்லை. டிசம்பர் கடைசியில் யப்பானியர் புத்தாண்டுக்காக வைக்கோல் கயிற்றை முறுக்கி வாசலில் கட்டுவார்கள். அது அவர்களுக்குப் புனிதமானது, அதைப் பிரித்து எடுக்கக் கூடாது. தோட்டப் பொருட்கள் விற்கும் பெரிய கடைகளில் செடிகளின் அடியில் பரப்புவதற்கென்றே நெல் வைக்கோல் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். எங்கள் வயல் வைக்கோலை விடக் கொஞ்சம் சுத்தமாக இருக்கும், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். 25ஆம் திகதி இரவு கடைகள் பூட்டியதும் சோடனைகளைக் கழற்றி, மறுநாள் காலையில் மூங்கிலும் பைனும் வைத்த புத்தாண்டு அலங்காரத்தை நிறுத்திவிடுவார்கள். மூன்றிராசாக்கள் திருநாள் வரை குடிலைக் கலைக்காத அம்மாவுக்கு அந்தக் காலை கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும்.

கல்முனை அடுப்படி எழுதியது:

நான் கேக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றவை எனக்குத் தெரியாது. றிச் கேக்தான் பயணத்துக்கு ஏற்றது. பிராண்டியில் ஊறிய பிளம்ஸும் பூசணித் தோசியும் கஜுவும் ரவையும் சேர்ந்து நன்றாக வெந்த கேக் கிழமைக்கணக்கில் கெடாது. நாள் போகப் போகத்தான் ருசி ஏறும். முழுக் கேக்காகக் கொண்டு போகாமல் இங்கேயே துண்டுபோட்டு, எண்ணெய்த் தாளில் சுற்றி, மேலே வண்ணத் தாள் சுற்றித் தகர டின்னில் இறுக்கமாக அடுக்குங்கள். சுங்கத்தில் கேட்டால் மறைக்காமல் திறந்து காட்டலாம். அக்காவின் அயல்வீட்டாருக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுக்க வசதியாக இருக்கும். கொக்கிஸ் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அது யொக்கோகாமா போய்ச் சேரும்போது தூளாகத்தான் இருக்கும். அச்சைக் கொண்டுபோய் அங்கேயே சுடுங்கள், பிள்ளைகளும் பார்க்கட்டும்.

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

பிள்ளை, உங்கள் அத்தானின் ஊர் நியூ ஓர்லியன்ஸ் என்றதும் எனக்கு நம் ஊர்தான் நினைவுக்கு வந்தது. அங்கிருந்து வந்த இயேசு சபைக் குருமாரிடந்தான் புனித மிக்கேல் கல்லூரியில் என் தலைமுறை படித்தது. வெபர் மைதானத்தின் பெயரும் அவர்களில் ஒருவருடையதே. 1948இல் வந்த அருட்தந்தை பெஞ்சமின் ஹென்றி மில்லர் எழுபது ஆண்டுகள் இங்கே வாழ்ந்து, 2019இல் இந்த மண்ணிலேயே காலமானார். அமெரிக்கர் அந்நிய நாட்டில் நத்தார் கொண்டாடுவது எப்படி என்பதை நாம் நம் முற்றத்திலேயே பார்த்திருக்கிறோம்.

நான் பீடப் பணியாளனாக இருந்த காலத்தில், குருமனையிலிருந்த ஒரு தந்தைக்கு வீட்டிலிருந்து நத்தார்ப் பொதி வரும். கப்பலில் வருவதால் அது நத்தாருக்கு வராது, மாசி மாதம் வரும். கற்கண்டு போல் இறுகிப்போன இனிப்பை அவர் தேங்காய் உடைக்கும் கத்தியின் பிடியால் தட்டி உடைத்து, எங்களுக்கு ஆளுக்கொரு சில்லாகத் தருவார். டிசம்பர் அடைமழையில் வெள்ளம் வாசல்வரை நிற்க, நத்தாரன்று அவர் சாப்பிட்டது யாரோ ஒரு வீட்டுப் பிட்டும் கோழிக்கறியும். தம் ஊர் வழக்கத்தில் அவர் விடாமல் வைத்திருந்தது கூடத்தில் தொங்கிய ஒரு காகித நட்சத்திரம் மட்டுமே.

ஆகவே அக்காவின் வீட்டில் இரண்டு ஊர் நத்தாரையும் முழுமையாக நடத்த முயல வேண்டாம் என்பது என் கருத்து. அத்தானுக்கு அவருடைய கம்போ போதும். அதுவும் வெண்டிக்காயும் சோறும் சேர்ந்த உணவுதானே, அம்மாவுக்கு அந்நியமாக இராது. அம்மாவுக்குக் குடில் போதும். பொரித்த கோழியையும் பிள்ளைகளுக்கு மறுக்காதீர்கள். நத்தார் என்ற சொல்லே போர்த்துக்கேயர் தந்தது, கொக்கிஸ் ஒல்லாந்தர் தந்தது. யப்பானியர் பாணைப் ‘பன்’ என்கிறார்கள். அதுவும் நம் பாணும் ஒரே போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து பிறந்தவை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். கடையில் பாண் கேட்டு வாங்க அவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது.

26ஆம் திகதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். சுனாமி என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்தவர்களின் நாட்டுக்குத்தான் போகிறீர்கள். 2011 மார்ச் 11இல் அவர்களும் அதே துயரத்தைக் கண்டவர்கள். அங்கே ஒரு முதிய பெண் கடலைப் பார்த்து நின்று செபித்தால் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். நம் நாட்டில் மௌன அஞ்சலி காலை 9.25க்குத் தொடங்கும், யப்பான் நமக்கு மூன்றரை மணித்தியாலம் முந்தியது, ஆகவே அங்கே பிற்பகல் 12.55. அன்று பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அம்மம்மாவின் தங்கையைப் பற்றி அவர்கள் வேறு எப்போது கேட்கப்போகிறார்கள்?

வாவிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. வைக்கோல் பற்றிய செய்தியை அம்மா முதலில் நம்பவில்லை, “பாலனுக்குப் போடும் வைக்கோலுக்குமா தடை?” என்று கேட்டார். பிறகு, அவர்களுக்கும் வயல் முக்கியம்தானே என்று தாமே சொல்லிக்கொண்டு, அந்த இரண்டு பிடியையும் கொண்டுபோய்ப் பசுவுக்குப் போட்டுவிட்டார். மின்குமிழ் மாலையும் வெளியே வந்துவிட்டது. கொக்கிஸ் அச்சு உள்ளே போயிருக்கிறது.

மூன்று வீட்டாரும் விழித்திருக்கும் நேரத்தை அக்கா கணக்கிட்டு அனுப்பினார். 25ஆம் திகதி யொக்கோகாமாவில் காலை 9 மணி என்றால் இங்கே அண்ணா வீட்டில் காலை 5.30, நியூ ஓர்லியன்ஸில் 24ஆம் திகதி மாலை 6 மணி. அந்த நேரத்தில் எல்லோரும் காணொளி அழைப்பில் சேர்வதென்று முடிவாகியிருக்கிறது. பாடசாலை 24ஆம் திகதியோடு மூடப்படும் என்று உறுதியாகிவிட்டதால் பெறாமகளும் இருப்பாள்.

26ஆம் திகதிக்கு யமாஷிதா பூங்காவைத் தேர்ந்திருக்கிறோம். அது யொக்கோகாமாத் துறைமுகத்தின் ஓரத்திலேயே இருக்கிறது. அங்கே அலை பெரிதாக அடிக்காது என்று அக்கா சொன்னார். அதுவே நல்லது என்றார் அம்மா. தம் தொலைபேசியில் 12.55க்கு மணி வைத்துத் தரும்படி இன்றைக்கே என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.