உதவி: வீட்டுப் பத்திரம் காணோம், டூப்ளிகேட் எப்படி வாங்குவது? அவசரம்

கே.ஆர்.புரம் குமரன்:
வணக்கம். மனையின் ஒரிஜினல் பத்திரம் தொலைந்துவிட்டது. வாங்க வந்த பார்ட்டி ஒரிஜினலைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் தர மாட்டேன் என்கிறார். டூப்ளிகேட் எங்கே தருவார்கள், எவ்வளவு ஆகும்? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

மர்ஃபிடவுன் மாலா:
எந்தப் பத்திரம் சார்? கிரயப்பத்திரமா, மாநகராட்சி வரிப் பதிவான காத்தாவா, பி.டி.ஏ. (பெங்களூர் வளர்ச்சி ஆணையம்) கொடுத்ததா? மனை பெங்களூரிலா, ஊர்ப் பக்கமா?

சிவாஜிநகர் செல்வம்:
எந்த வருஷப் பதிவு? ஜெராக்ஸ் இருக்கிறதா? யார் கையிலிருந்து தொலைந்தது?

ஓசூர் பஸ்:
ரொம்பக் கஷ்டம் தலைவா. போலீஸிடம் ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று சான்று வாங்கி, பேப்பரில் விளம்பரமும் கொடுத்தால்தான் ரெஜிஸ்ட்ரார் ஃபைலையே தொடுவார். விதி 55ஏ. எங்கள் சித்தப்பா பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அல்சூர் அங்கிள்:
மாதம் தவறாமல் யாராவது இதே கேள்வியோடு வருகிறீர்கள். பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பொறுமை யாருக்கும் இல்லை. சரி, மறுபடியும் சொல்கிறேன். டூப்ளிகேட் பத்திரம் என்று ஒன்று கிடையாது. பதிவு செய்த ஆபீஸில் புத்தகம் 1 என்ற பதிவேட்டில் பிரதி இருக்கும். அதிலிருந்து சான்றிட்ட நகல் தருவார்கள். 1908 பதிவுச் சட்டம், பிரிவு 57. முதலில் கர்நாடகப் பதிவுத் துறையின் காவேரி தளத்தில் ஈ.சி. (வில்லங்கச் சான்று) போட்டுப் பத்திர எண்ணை எடுங்கள். இதற்கு ஒரு குழுவே கூட வேண்டியதில்லை.

கே.ஆர்.புரம் குமரன்:
கிரயப்பத்திரம்தான். மனை பெங்களூர். 1998 பதிவு, அப்பா பெயர், பிறகு எனக்குத் தானப்பத்திரம். காவேரியில் தேடினேன், தானம் மட்டும்தான் வருகிறது.

சிவாஜிநகர் செல்வம்:
வராதுதான். ஆன்லைன் ஈ.சி. 1-4-2004-இலிருந்துதான் கிடைக்கும். அதற்கு முந்தியதற்கு ஆபீஸில் எழுதிக் கொடுத்து மேனுவல் ஈ.சி. வாங்க வேண்டும். அங்கிள் அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஜெராக்ஸ் இருந்தால் முதல் தாளின் பின்பக்கத்தைப் பாருங்கள். பத்திர எண், வால்யூம், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை என்று அந்த சீலில்தான் எழுதியிருக்கும். பல பேர் முன்பக்கம் மட்டும் ஜெராக்ஸ் போட்டு வைத்திருப்பார்கள், அங்கேதான் மாட்டிக்கொள்வது.

கேஜிஎஃப் பையன்:
எதற்கு இவ்வளவு? இ-காத்தா உங்கள் பெயரில் இருந்தால் போதும் ப்ரோ. இப்போது அது இல்லாமல் ரெஜிஸ்ட்ரேஷனே நடக்காது.

மர்ஃபிடவுன் மாலா:
பதிவுக்கு இ-காத்தா கட்டாயம், சரி. ஆனால் காத்தா வரி கட்டுகிறவர் யார் என்று காட்டும் பதிவு. சொத்து உங்களுடையது என்பதற்குப் பத்திரம்தான். காத்தாவை மட்டும் நம்பி எந்த பேங்க் லோன் தரும்?

ஓசூர் பஸ்:
55ஏ பற்றி யாருமே பேசவில்லையே. அது இல்லாமல் விற்கவே முடியாது.

அல்சூர் அங்கிள்:
அது தமிழ்நாட்டு விதி அய்யா! இவர் மனை கர்நாடகத்தில். அந்த 55ஏ(i)-யையே 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. செய்தித்தாள் படிக்கிறீர்களா இல்லையா?

ஓசூர் பஸ்:
கோர்ட் சொன்னால் மறுநாளே கவுன்டரில் மாறிவிடுமா? நீங்கள் அல்சூரில் உட்கார்ந்து சட்டம் பேசுங்கள், நான் ஆபீஸ் வாசலில் நிற்கிறவன்.

அல்சூர் அங்கிள்:
வாசலில் நின்றால் சட்டம் தெரிந்துவிடுமா?

சிவாஜிநகர் செல்வம்:
ரெண்டு பேரும் தனியாகப் போய்ப் பேசுங்கள். குமரன், நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. யார் கையிலிருந்து தொலைந்தது?

கே.ஆர்.புரம் குமரன்:
பேங்க். போன வருஷம் ஹோம் லோன் முடித்தேன். ஒரிஜினல் வேறு ஊர் ஸ்டோரேஜில் இருக்கிறது, வரும் வரும் என்றார்கள். இப்போது காணோம் என்கிறார்கள். என்னையே போலீஸ் கம்ப்ளெயின்ட் கொடுக்கச் சொல்கிறார் மேனேஜர்.

மர்ஃபிடவுன் மாலா:
அய்யோ, இதைத்தானே முதல் வரியில் எழுத வேண்டும்!

சிவாஜிநகர் செல்வம்:
கம்ப்ளெயின்ட் கொடுத்துவிடாதீர்கள். ‘நான் தொலைத்துவிட்டேன்’ என்று உங்கள் கையெழுத்தில் போனால் பேங்க் கழன்றுகொள்ளும். ரிசர்வ் பேங்க் 2023 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது, அந்த வருஷம் டிசம்பர் 1 முதல் அமல். லோன் முழுக்கக் கட்டி முடித்த 30 நாளுக்குள் ஒரிஜினலைத் திருப்பித் தர வேண்டும். தாமதம் அவர்களால் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு. தொலைந்தாலோ கெட்டுப்போனாலோ நகல் எடுக்க அவர்களே உதவி செய்து, செலவையும் ஏற்க வேண்டும். அதற்கு இன்னும் 30 நாள் கூடுதல், அதாவது மொத்தம் 60 நாள் கழித்துத்தான் இந்தப் பண மீட்டர் ஓடும். முதலில் ‘எங்கள் வசம் இருந்தபோது தொலைந்தது’ என்று பேங்க் லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள். மெயில் போட்டு, பிரதிக்கு சீல் வாங்கி வையுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் பேங்க் மீதான புகாரை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போங்கள், ரிசர்வ் பேங்கின் சி.எம்.எஸ். என்ற புகார் தளத்திலேயே போடலாம். காசு கிடையாது.

கேஜிஎஃப் பையன்:
நகல் கிடைத்தால் பார்ட்டி ஒத்துக்கொள்வாரா?

மர்ஃபிடவுன் மாலா:
அங்கேதான் சிக்கல். பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்று காட்ட சான்றிட்ட நகல் செல்லும். ஆனால் புத்தகம் 1 யாருக்கும் திறந்தது. ஃபீஸ் கட்டினால் எதிர்வீட்டுக்காரர்கூட உங்கள் பத்திரத்தின் நகலை வாங்கலாம். அதனால் நகல் கையில் இருப்பதை வைத்து, ஒரிஜினல் வேறெங்கும் அடமானத்தில் இல்லை என்று வாங்குகிறவர் எப்படி நம்புவார்? அந்த பயம் நியாயம்தான். அதற்காகத்தான் ஒரு கன்னடப் பேப்பர், ஒரு இங்கிலீஷ் பேப்பரில் ஆட்சேபணை கேட்டு நோட்டீஸ், நோட்டரி அஃபிடவிட், இன்று வரைக்குமான ஈ.சி. எல்லாம் கேட்பார்கள். உங்கள் விஷயத்தில் லோன் முடிந்த லெட்டரும், பத்திரம் தங்களிடம் தொலைந்தது என்ற லெட்டரும் ஒரே பேங்கிலிருந்து வந்தால் பார்ட்டிக்கு பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

அல்சூர் அங்கிள்:
நான் சொன்னதும் இதே பிரிவு 57-தான்.

கே.ஆர்.புரம் குமரன்:
லெட்டர் வாங்கிவிட்டேன். நோட்டீஸ் செலவு பேங்க். ஜெராக்ஸில் பின்பக்கம் இருந்தது, நகலுக்கு எழுதிக் கொடுத்தாச்சு. நன்றி.

கேஜிஎஃப் பையன்:
நாளுக்கு 5,000 கொடுத்தார்களா ப்ரோ?

ஓசூர் பஸ்:
நானும் அதைத்தான் கேட்க வந்தேன்.