சோஃபி ஜெர்மேனும் கன்னியாகுமரி மணலும்

தக்கலை ஆசிரியை:
வளைந்த பொருள் எப்படித் தன் பழைய வடிவுக்கு மீள்கிறது என்று சொல்லும் நெகிழ்ச்சிக் கோட்பாட்டை நான் சமன்பாட்டிலிருந்து தொடங்குவதில்லை. கன்னியாகுமரிக் கடைகளில் பாக்கெட் போட்டு விற்கிறார்களே வண்ண மணல், அதில் கறுப்பை மட்டும் எடுத்து, நடுவில் திருகாணியால் இறுக்கிய பித்தளைத் தகட்டின் மேல் தூவுவேன். ஓரத்தை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு வயலின் வில்லை இழுத்தால் தகடு வீறிடும். மணல் துள்ளியோடி, அதிராத கோடுகளில் போய் ஒதுங்கும். விரலைத் தள்ளி வைத்தால் வேறு கோலம். (வில்லில் ரோசின் என்ற பிசின் கட்டியைத் தேய்க்காவிட்டால் ஒன்றும் நடக்காது.)

ஜெர்மன் இயற்பியலாளர் சிளாட்னி இதைப் பாரிஸில் காட்டியபோது நெப்போலியன் வியந்துபோனார். இதன் கணக்கைச் சொல்பவருக்குப் பரிசு என்று அறிவிப்பு வந்தது. 1811இல் கெடு முடிந்தபோது வந்திருந்தது ஒரே கட்டுரை, பிரெஞ்சுக் கணிதவியலாளர் சோஃபி ஜெர்மேனுடையது. பெண் என்பதால் கல்லூரியில் இடமில்லை. லெப்லான் என்ற ஆண் பெயரில் பாடக்குறிப்புகளைப் பெற்றுப் படித்தவர். தகடு வளைய வளைய, மீள வைக்கும் விசையும் அதே விகிதத்தில் கூடும் என்பது அவருடைய அனுமானம். அதிலிருந்து சமன்பாட்டுக்குப் போன வழியில் பிழை, கணிதவியலாளர் லாக்ராஞ்சு திருத்தினார். 1813இல் பாராட்டு மட்டும், பரிசு 1816இல். விளிம்பு நிபந்தனைகள், அதாவது தகட்டின் ஓரங்களுக்கான விதிகள், அப்போதும் சரியாகவில்லை; அவற்றை 1850இல் ஜெர்மன் இயற்பியலாளர் கிர்க்காஃப்தான் ஒழுங்குபடுத்தினார். பரிசளிப்பு விழாவுக்கு சோஃபி போகவில்லை. நானாக இருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

சுசீந்திரம் மாணவி:
டீச்சர், நான் உங்கள் வகுப்பில் இருந்தவள். அன்று சாயங்காலமே தாணுமாலயன் கோயில் இசைத்தூண்கள் முன்னால் போய் நின்றேன். தூண் தண்டு மாதிரி, நீளவாக்கில்தான் வளையும். அதன் அதிர்வுக்குக் கணிதவியலாளர்கள் ஆய்லரும் டேனியல் பெர்னூலியும் முன்பே கணக்குப் போட்டுவிட்டார்கள். தகடு இரண்டு திசையிலும் வளைகிறது, சோஃபிக்கு வாய்த்தது அந்தத் தலைவலி. தேர்வுக்குப் படித்தபோது இந்த வேறுபாடு எனக்குப் பிடிபடவே இல்லை.

மார்த்தாண்டம் பொறியாளர்:
கான்கிரீட் தளம் வடிவமைத்துப் பிழைக்கிறவன் நான்; அதுவும் தகட்டுக் கணக்குதான். ஈபிள் கோபுரத்தில் அறிவியலாளர்கள், பொறியாளர்கள் என 72 பேரின் பெயர்கள் பொறித்திருக்கிறார்கள். நெகிழ்ச்சிக் கணக்கில் உழைத்த நேவியே, புவாசோன், கோஷி எல்லோரும் இருக்கிறார்கள், சோஃபி இல்லை. தகட்டுக் கணக்கைத் தொட்டவர்களுக்கு இது எரிச்சலூட்டும் செய்தி. அதிலும் புவாசோன் அந்தப் பரிசுக்கு நடுவராக இருந்தவர்!

அது போகட்டும். டீச்சர், அந்தத் தகடு எத்தனை மில்லிமீட்டர் கனம்? நாகர்கோவில் பாத்திரக் கடைகளில் சதுரமாக வெட்டித் தருவார்களா? என் மகள் இப்போதே வயலின் வில்லை ஒளித்து வைக்கத் தொடங்கிவிட்டாள்.